திரு. ப. பாவாடை, வெல்ல மண்டி, கள்ளக்குறிச்சி

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில்தான் வில்லங்கம் இருந்தது. ‘உங்கள் நன்னடத்தைக்குச் சான்று கூறக்கூடிய, சமூகத்தில் மதிப்புள்ள ஒருவரின் பெயர், முகவரி’ என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிமலை ஆபீசில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்தேன். எனக்குத் தெரிந்த மதிப்புள்ள மனிதர்களில் பாதிப் பேர் என்னோடு சண்டை போட்டவர்கள். மீதிப் பேரோடு நான் சண்டை போட்டிருந்தேன். கடைசியில் எழுதினேன்: திரு. ப. பாவாடை, வெல்ல மண்டி, கள்ளக்குறிச்சி.

அவர் என் தாய்மாமன். எட்டு வருஷமாக எங்கள் வீட்டோடு பேச்சு கிடையாது. அக்கா கல்யாணத்தில் தாய்மாமனுக்குப் போட வேண்டிய முதல் மாலையை எவனோ அவசரக்குடுக்கை ஊர்ப் பெரிய மனுஷர் கழுத்தில் போட்டுவிட்டான். இரண்டாவது மாலை மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் போயிற்று. மாமாவுக்கு வந்தது மூன்றாவது. அதைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போனவர் திரும்பவே இல்லை. “இனிமே அவரு வாசப்படிய மிதிச்சேன்னா என் பேரு சாலம்மா இல்ல” என்று அம்மாவும் வீம்புக்குச் சபதம் போட்டாள். எவனோ அவசரக்குடுக்கை என்று சொன்னேனே, அது நான்தான்.

அவரைக் கேட்காமல்தான் அவர் பெயரை எழுதினேன். வேறு வழியில்லை. கல்வராயன் மலையில் ஒரு நிவாரணச் சங்கத்துக்காக ஆறு வருஷம் தற்காலிகக் கள உதவியாளனாக இருந்தவன் நான். பத்து மலைக் கிராமங்களுக்கு நடந்துபோய், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கோதுமை ரவையும் எண்ணெயும் அளந்து கொடுத்து, பெயர் எழுதி, கைநாட்டு வாங்குவது வேலை. அந்தத் திட்டத்தை டிசம்பரோடு மூடப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதே சங்கம் சூடான் நாட்டில் நடத்தும் அகதி முகாமுக்கு ஒரு கள அலுவலர் தேவை என்றும், மலையில் அனுபவம் உள்ளவர்களுக்குக் கள்ளக்குறிச்சியிலேயே நேர்காணல் என்றும் ஒரு கடிதம் வந்தது. இருப்பது ஒரே ஒரு இடம். கிடைத்தால் சூடான். கிடைக்காவிட்டால் தை மாதம் அக்கா புருஷனின் கரும்புக் காட்டில் காய்ந்த சோகை உரிக்க வேண்டும், அவன் வரப்பில் நின்றுகொண்டு “பி.ஏ. படிச்சவரே, கொஞ்சம் வேகமா” என்பான். அதைவிடச் சூடானில் வெயிலில் காயலாம். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

நேர்காணல் நாள் வந்தது. 1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது, அன்றைக்கு மூன்றாம் நாள். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, உளுந்தூர்பேட்டையில் வண்டிகள் மைல் கணக்கில் நிற்பதாகச் சொன்னார்கள். மறியல் தொடங்குவதற்கு முதல் நாளே சங்கத்து ஆட்கள் மெட்ராசிலிருந்து வந்து கள்ளக்குறிச்சி லாட்ஜில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். காலை பதினோரு மணிக்கு என்னை வரச் சொல்லியிருந்தார்கள். இருட்டு பிரிவதற்குள் சைக்கிளில் மலை இறங்கினேன்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் முதல் தடுப்பு. குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் எங்கள் சனம்தான்.

“எங்கப்பா போய்க்கினு இருக்க?” என்றார் ஒரு மீசைக்காரர்.

“இன்டர்வியூவுக்குண்ணே. வேலைக்கு.”

“இன்னா வேலை?”

“வெளிநாட்டுல. பஞ்சத்துல அடிபட்டவங்களுக்குச் சோறு போடற வேலை.”

“மூணு நாளா இங்க நாங்க ரோட்டுல பட்டினி கெடக்கறோம். நீ சோறு போடறதுக்கு வெளிநாட்டுக்குப் போறியா? திரும்பு.”

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? “வேலை வேணும்னுதானே மறியல் பண்றீங்க, வேலைக்குப் போறவனையே மறிச்சா இன்னா அர்த்தம், அறிவிருக்குதா?” என்று கேட்டேன். மீசைக்காரர் கண்ணைக் காட்டினார். ஒரு ஆள் இறங்கி வந்து என் சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டுப் போய் மறுபடி மரத்தில் உட்கார்ந்தான்.

நான் திட்டிக்கொண்டே சைக்கிளைத் திருப்பியபோது ஒரு கிழவரும் இரண்டு பெண்களும் வந்தார்கள். கிழவர் கையில் மாலை. மரத்தின் மேலிருந்தவர்கள் எழுந்து நின்று கைகொடுத்து மூவரையும் தாண்டிவிட்டார்கள். எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வாரம் சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து நிஜமாகவே உயிர் போயிருந்தது. அதனால் மாலைக்கு எல்லாத் தடுப்பிலும் மரியாதை இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் புத்தி போன போக்கைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்துக் கொல்லையில் துலுக்கசாமந்தி பறித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் மூன்று ரூபாய் கொடுத்து ஒரு மாலை கட்டி வாங்கினேன். கரும்புக் காட்டு வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், முதல் தடுப்பைச் சுற்றி ரோட்டில் ஏறினேன்.

இரண்டாவது தடுப்பில் தலைவர் ராசு என்பவர். நாற்பது வயது, தோளில் துண்டு, தொண்டை கட்டிப்போன குரல். மாலையைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “யாருப்பா பூட்டாங்க?” என்று தணிவாகக் கேட்டார்.

பெயர் கேட்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. மாலை வாங்கினவனுக்குச் செத்தவன் வேண்டாமா? ராத்திரி முழுக்க விண்ணப்பத்தின் நகலை மனப்பாடம் செய்திருந்தேன். நாக்கில் தயாராக இருந்தது அதுதான்.

“வெல்ல மண்டி பாவாடை. எங்க தாய்மாமா.”

“அட கடவுளே” என்று ராசு தலையில் கை வைத்தார். “போன வாரம்கூட சந்தையில பாத்தேனே. எங்க சின்னம்மா பொண்ண குடுத்த வகையில எனக்கு மச்சான் மொறைப்பா அவரு.” திரும்பி மற்றவர்களிடம், “ஏய், தடுப்ப நீங்க பாத்துக்குங்க. நான் ஒரு எட்டுப் போய் மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறேன்” என்றார். பின்னாலிருந்து இரண்டு கிழவிகள், “நாங்களும் வரோம், எங்களுக்கு அந்த மனுசன் ஒரு வருசம் கடனுக்கு வெல்லம் குடுத்தாரு” என்று கிளம்பினார்கள். அதிலொருத்தி பாப்பாத்தி. நடக்க முடியாது என்று சொல்லி, காற்றில்லாத என் சைக்கிளின் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நேர்காணல் போச்சு. சந்தில் புகுந்து நழுவிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். எங்கள் பக்கத்தில் சாவு என்று காதில் விழுந்தால் யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். செருப்பைக்கூடத் தேட மாட்டார்கள், கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது தடுப்பில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். நாலாவதில் ஒரு பறைமேளக்காரரும் அவர் தம்பியும். ஐந்தாவதில் ஒரு மாட்டுவண்டியும் அதோடு இருபது பேரும்.

இதில் என் தொழில் வேறு குறுக்கே வந்து நின்றது. கூட்டம் என்றால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நடக்க முடியாத கிழவிகளை எண்ணி வண்டியில் ஏற்றினேன். கைக்குழந்தைக்காரிகளை நிழல் பக்கம் விட்டேன். பம்புசெட்டில் வரிசை நிற்க வைத்துத் தண்ணீர் குடிக்கச் செய்தேன். எவரும் வழியில் தவறிவிடக் கூடாதே என்று நேர்காணலுக்கு வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக்கொண்டேன். “துக்கத்துலயும் பையன் எவ்வளவு பொறுப்பா கீறான் பாரு” என்று பாப்பாத்தி கேரியரிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு எரிச்சலில் அவளை இறக்கிவிடலாமா என்று இருந்தது.

ஏமப்பேர் நெருங்கும்போது பின்னாலிருந்து இன்னொரு வண்டி ஓட்டமாக வந்தது. அதிலிருந்து தலைவிரி கோலமாக ஒருத்தி குதித்தாள். என் அம்மா. சேதி எவனோ ஒருவனின் சைக்கிளில் எங்கள் ஊருக்குப் போய்விட்டிருந்தது.

“எங்கண்ணன் பூட்டாருன்னு ஊரே சொல்லுது, நீ எங்கிட்ட சொல்லாம போய்க்கினு இருக்கியேடா” என்று என் மார்பில் அடித்தாள். காலில் செருப்பில்லை. சபதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அவளைத் தனியாக இழுத்துப்போய்க் காதில் சொன்னேன். “எம்மா, மாமா சாவல.”

அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எனக்கும் அப்பிடித்தான்டா தோணுது. நம்பவே முடியல” என்று சொல்லி இன்னும் பெரிதாக அழுதாள். அவள் அழுத அழுகையில் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சிக்குள் நுழையும்போது மணி இரண்டு. வெல்ல மண்டி மறியலுக்காக மூடியிருந்தது. சாவு உறுதி என்று கூட்டம் முடிவுகட்டியது. மண்டியை ஒட்டிய வீடும் பூட்டிக் கிடந்தது. அத்தை கண்ணகி நைனார்பாளையத்துக்குத் தாய்வீடு போய் அங்கேயே மாட்டிக்கொண்டது எங்களுக்குத் தெரியாது. “பொணம் ஆஸ்பத்திரியில இருக்கும், வந்துடும்” என்றார் ராசு. பெண்கள் மண்டி வாசலில் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். நான் மாலையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, எதிர்ச்சாரியில் இருந்த லாட்ஜுக்குள் நழுவி மாடிப்படியில் ஓடினேன்.

கதவைத் திறந்தேன். மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், பக்கத்தில் வெயிலில் சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரர். எதிர் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில், பாவாடை மாமா.

கூப்பிட்டிருந்த எட்டுப் பேரில் ஒருவரும் வந்து சேராததால் சும்மா இருந்த நேரத்துக்குச் சான்றாளரையாவது விசாரிப்போமே என்று எதிர்ச்சாரியிலிருந்து அவரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். கண்ணாடி அம்மாளின் பெயர் மணிமொழி, மெட்ராஸ் ஆபீசின் தலைவி. வெள்ளைக்காரருக்கு ஊர் டென்மார்க். அவருக்கு இவர்தான் மொழிபெயர்ப்பு.

மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு வருஷக் கோபம். அந்த அம்மாளைப் பார்த்தே பேச்சைத் தொடர்ந்தார். “இவனுக்கு முன்கோபம் ஜாஸ்திங்க. அவசரக்காரன். மருவாதி தெரியாது. ஆனா ஒண்ணு, பொய் மட்டும் சொல்லமாட்டான். அதுக்கு நான் கேரண்டி.”

எங்கள் வீட்டு வாசலை மிதிக்காத மனிதர், வெளியாள் கேட்டதும் தங்கச்சி மகனை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கீழே பறை அடித்தது. அதற்கு மேலே நாற்பது பேர் சேர்ந்து அவர் பெயரைச் சொல்லி அழுதார்கள்.

மாமா எழுந்து ஜன்னலுக்குப் போனார். எட்டிப் பார்த்தார். முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

“யார்ரா செத்தது?”

“நீங்கதான் மாமா.”

மணிமொழி அம்மாள் அதை டென்மார்க்காரருக்கு மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். டயர், மாலை, ராசு, எல்லாம். மாமாவின் முகம் கறுத்தது. கையை ஓங்கினார். அப்போதுதான் கீழே அம்மாவின் குரல் தனியாக எழுந்தது.

“மொத மாலை போடாம மூணாவதா போட்டோமே
மொகம் சுண்டிப் போனவனே, எங்கூடப் பொறந்தவனே
பந்தியில குந்தாம பசியோட போனவனே
வாயில அரிசி போட வந்தேனே என் அண்ணே…”

ஓங்கிய கை இறங்கிவிட்டது. மாமா ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

“மாமா, எறங்கிப் போய் உசுரோட இருக்கேன்னு சொல்லிடுங்க” என்றேன்.

“சும்மா இர்ரா. அவ முழுசா பாடட்டும்.”

அம்மா அவர்களுடைய சின்ன வயசையெல்லாம் பாடினாள். அவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோமுகி ஆற்றைக் கடந்தது, அவளுக்காக வாத்தியாரிடம் அடி வாங்கியது எல்லாம் வந்தது. மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார். நடுவில் ஒருதரம், “அது நான் இல்ல, எங்க பெரியண்ணன்” என்று முணுமுணுத்தார்.

டென்மார்க்காரர் என்னிடம் ஏதோ கேட்டார். “எத்தனை பேரைக் கூட்டிவந்தாய் என்கிறார்” என்றார் மணிமொழி அம்மாள்.

“நாப்பத்து மூணு. கெழவிங்க பன்னண்டு, கைக்கொழந்த மூணு. ஒருத்தருக்கு மட்டும் மயக்கம் வந்துது, மோர் வாங்கிக் குடுத்து வண்டியில ஏத்திட்டேன்” என்று கடிதத்தின் பின்பக்கத்தை நீட்டினேன். அவர் அந்தப் பட்டியலை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

மணிமொழி அம்மாள் முகத்தில் வரவில்லை. “நான்கு தடுப்பைத் தாண்டிக் கூட்டத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்தது சரி. பொய் சொல்லிக் கொண்டுவந்தீர்கள். முகாமில் ஒரு பொய் சொன்னால் மறுநாள் ஒருவரும் உங்களை நம்ப மாட்டார்கள்” என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“கேரண்டிய வாபஸ் வாங்கிக்கிறேங்க” என்றார் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “பொய் சொல்லுவான். ஆனா கூட வந்தவங்கள வழியில உட்டுட்டு ஓடமாட்டான். அத எழுதிக்கோங்க.”

“சரி” என்றார் அவர் என்னிடம். “கீழே போய் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். அதுதான் உங்கள் நேர்காணல்.”

பதினெட்டுப் படி. ஒவ்வொன்றாக இறங்கினேன். மண்டி வாசலில் போய் நின்று, பறையை நிறுத்தச் சொல்லி, ஒரே மூச்சில் சொன்னேன். மாமா சாவவில்லை, நான்தான் பொய் சொன்னேன், வேலைக்காகச் சொன்னேன், எல்லாரும் என்னை அடிங்கள்.

யாரும் அடிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ராசு கிட்டே வந்தார். “நாங்க இன்னாத்துக்குடா ரோட்டுல கெடக்கறோம்? ஒன்ன மாதிரி ஒருத்தன் வேலைக்குப் போவணும்னுதானே. எங்கிட்ட நெசத்த சொல்லியிருந்தா நானே ஒன்ன கொண்டாந்து உட்டிருப்பேன்” என்றார். முதல் தடுப்பில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. லாட்ஜ் படியில் இறங்கி வந்துகொண்டிருந்த மாமாவைப் பார்த்தபடி எழுந்தாள். அவர் தெருவைக் கடந்து அவள் எதிரில் வந்து நின்றார். அம்மா கையிலிருந்த சாவு மாலையைப் பார்த்தாள், அவர் கழுத்தைப் பார்த்தாள், போட்டுவிட்டாள்.

“இன்னைக்கு ஒனக்குத்தாண்ணே மொத மாலை” என்றாள்.

“போடறதுக்கு எட்டு வருசம் ஆச்சா ஒனக்கு?” என்றார் மாமா.

“பொய்ச்சாவு சேதி வந்துச்சின்னா ஆயுசு கெட்டி” என்று பாப்பாத்தி சத்தமாகச் சொன்னாள். “அது கெடக்கட்டும், நடந்து வந்தவங்களுக்குச் சோறு உண்டா இல்லியா?”

அவள் நடக்கவே இல்லை. ஆனால் மாமா மண்டியைத் திறந்தார். அவலும் வெல்லமும் முதலில் வந்தன, பிறகு அண்டாவில் சோறு வெந்தது. நான் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்துப் பட்டியலைப் பார்த்துப் பரிமாறினேன். டென்மார்க்காரர் ராசுவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டார். மணிமொழி அம்மாள் இரண்டாம் முறை ரசம் கேட்டபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

உத்தரவு நவம்பரில் வந்தது. ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டிய பிறகும் ராசு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெட்ராஸ் ஏர்போர்ட்டு வரைக்கும் மாமா வந்தார். “யாராவது வழி மறிச்சா நெசத்த சொல்லு” என்று மட்டும் சொன்னார்.

நாலு வருஷம் கழித்து, முகாமுக்கு மாவு லாரிகளோடு போய்க்கொண்டிருந்தபோது, வழியிலிருந்த எங்கள் ஆபீசில் ஒரு தந்தி கொடுத்தார்கள். பாவாடை மாமா மாரடைப்பில் போய்விட்டார். தந்தி அலைந்து வந்து சேர்ந்தபோது ஊரில் காரியமே முடிந்திருந்தது. லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அழுதேன். ஒரு இடத்தில் பீப்பாய்களை உருட்டி வைத்து, கயிறு கட்டி, துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்றான். எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன், என் மாமா செத்துவிட்டார் என்று. அவன் துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி ஏதோ ஓதினான். மற்றவர்களும் வந்து ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். டீ குடிக்காமல் போக விடமாட்டோம் என்றார்கள். பிறகு கயிற்றை அவிழ்த்தார்கள்.

அடுத்த மாதம் அம்மாவின் கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல ராசு எழுதியது. ‘மொத மாலைய ஒன் பேரச் சொல்லித்தான் போட்டேன். கூட்டம் ஜாஸ்தி. எத்தனை பேருன்னு யாரும் எண்ணல. நீதான் இல்லியே.’